அப்பா மேற்கே பார்த்தபடியே இருக்கட்டும்

இராஜபாளையம்,
6-3-94, ஞாயிறு மத்தியானம்.

அன்புள்ள மகன் பொன்னுராஜுக்கு அம்மா எழுதிக்கொண்டது. ஆண்டவர் இன்று காலை வரை என்னை எழுப்பி உட்கார வைத்திருக்கிறார், அந்த மட்டுக்கு இங்கே சுகம். நீயும் மருமகள் செல்லக்கனியும் பேரனும் பிலாயில் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று உன் கடிதத்தில் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அந்தக் கடிதமும் அதற்குள் நீ மடித்து வைத்திருந்த தாளும் போன செவ்வாய்க்கிழமை வந்தது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் முழங்கால் வலி இல்லை, கோபம். கோபத்தில் எழுதக் கூடாது என்று ஐந்து நாள் பொறுத்துப் பார்த்தேன். குறையவில்லை, அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. பின்கட்டில் ஒழுகின ஓடுகளை மாற்றியாகிவிட்டது. மாமரம் இந்த வருஷம் பூத்துக் கொட்டுகிறது, பிஞ்சு நிற்குமா என்று தெரியவில்லை. பக்கத்து ராஜு வீட்டம்மா தினம் காலையில் வாசலில் நின்று 'ஏமம்மா, பாகுன்னாரா' என்று தெலுங்கில் சுகம் கேட்டு ஒரு குரல் கொடுப்பார், நான் உள்ளே உயிரோடு இருக்கிறேன் என்று தெரிந்ததும் போய்விடுவார். செல்லக்கனிக்கு மூன்றாம் மாதம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். மசக்கைக்குப் புளிப்பு கேட்டால் வாங்கிக் கொடு, பணம் பார்க்காதே. பால்கோவா ஆசையாக இருக்கிறதாம், ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கி அனுப்பினால் மூன்று நாள் ரயிலில் புளித்துப்போகும், மே மாதம் வரும்போது தின்னட்டும் என்று சொல். பெண் பிறந்தால் பரிபூரணம் என்று பேர் வைக்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் அவள் இரண்டு வரி எழுதியிருந்தாள். நல்ல மனசு அவளுக்கு, உன் தங்கையை அவள் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் வைக்க வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் பெட்டி திசை மாறி இறங்கிவிட்டது என்று குருவானவர் உனக்கு எழுதியிருக்கிறார். கல்லறையைத் திறந்து பெட்டியைத் திருப்பி வைக்க வேண்டும், அதற்கு நான் சம்மதித்து இந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும், நீ லீவில் வந்து வேலையை முடித்து மேலே மார்பிள் பதித்துவிடுவாய் என்று எழுதியிருக்கிறாய். பெண்சாதி கையெழுத்து இல்லாமல் குழியைத் திறக்கக் கூடாது என்று நம் சபையின் சேகரக் கமிட்டியில் விதி இருக்கிறது. அந்த விதியை எழுதி வைத்ததே உன் அப்பாதான். குருவானவர் போன மாதமே வீட்டுக்கு வந்து, 'ஒரு கையெழுத்துதான்மா, அரை நாள் வேலை' என்றார். கர்த்தருக்கு எல்லாத் திசையும் ஒன்றுதான், இருந்தாலும் சபையார் மனசு சங்கடப்படுகிறது என்றார். ஒன்றுதான் என்றால் எதற்கு ஐயா திறக்க வேண்டும் என்று கேட்டேன். காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நல்ல பையன், வத்திராயிருப்புப் பக்கம், இன்னும் நாலு சாவு பார்த்தால் பேசத் தெரிந்துவிடும்.

அவருக்குப் பாதிக் கதைதான் தெரியும், அதைத்தான் உனக்கு எழுதியிருக்கிறார். நீ பிலாயிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதால் உனக்கு அதுவும் தெரியாது. அப்பா இறந்த போன நவம்பர் மழையில் ரோட்டில் தண்ணீர் ஏறி, வழக்கமாகப் பெட்டி செய்கிறவன் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வர முடியவில்லை. அப்பா வேலை பார்த்த மில்லிலிருந்து மம்சாபுரத்துக் கண்ணுச்சாமி ஆசாரியை அனுப்பினார்கள். அவன் ஆயுசுக்கும் நூல் பெட்டி அடித்தவன். சவப்பெட்டி தோள் பக்கம் அகலமாகவும் கால் பக்கம் குறுகலாகவும் இருக்க வேண்டும் என்று அவனுக்கு யார் சொல்வது, தலைமாடு எது கால்மாடு எது என்று தெரியாத மாதிரி நீளச் சதுரமாக ஒன்று அடித்துக் கொண்டுவந்தான். கால்மாட்டுப் பலகையில் ஒரு கணு விழுந்து ஓட்டை இருந்தது, அதில் ஒரு தகரத்துண்டு வைத்து ஆணி அடித்திருந்தான். மூடியின் மேல் வெள்ளைச் சிலுவை. கோயிலில் ஆராதனை முடிந்து மழைக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று அவசரத்தில் மூடியைத் திருப்பிப் போட்டு அறைந்துவிட்டார்கள். நூல் பெட்டிக்கு மூடி எப்படிப் போட்டாலும் பொருந்தும் அல்லவா. சிலுவையின் தலை அப்பாவின் கால் மேல் வந்துவிட்டது. தூக்கினவர்கள் சிலுவையைப் பார்த்துத்தான் தூக்கினார்கள், சிலுவையைப் பார்த்துத்தான் இறக்கினார்கள். நம் கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் தலையை மேற்கே வைத்துக் காலைக் கிழக்கே நீட்டிப் படுத்திருக்கிறார்கள், கர்த்தர் கிழக்கிலிருந்து வருகிற நாளில் எழுந்து உட்கார்ந்தால் நேரே அவர் முகம். அப்பா ஒருவர்தான் மேற்கே பார்த்துப் படுத்திருக்கிறார். கண்ணுச்சாமிக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தகரம் மேற்குப் பக்கம் இறங்கினது நினைவு வந்திருக்கிறது, தூக்கம் வராமல் போய்க் குருவானவரிடம் சொல்லியிருக்கிறான்.

எனக்கு இரண்டு மாதம் ஆகவில்லை. கோயிலில் ஆராதனை முழுவதும் என்னைக் கால்மாட்டில்தான் உட்கார வைத்திருந்தார்கள், ஒன்றரை மணி நேரம் அந்தத் தகரத்துண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் எண்ணெய்க் கம்பெனி எழுத்துகூடப் பாதி தெரிந்தது. குழிக்குப் பக்கத்தில் வந்தபோது அதே தகரம் மேற்கே நீட்டிக்கொண்டிருந்தது. கயிறு போடுவதற்கு முன்பே பார்த்தேன். பெட்டி இறங்கின பிறகு குருவானவர் என் பக்கம் குனிந்து, மண் போடுமுன் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். 'ஒண்ணுமில்ல ஐயா, போடுங்க' என்றேன். முதல் பிடி மண்ணை நான்தான் போட்டேன்.

ஏன் என்று கேட்பாய். உனக்குத் தெரியாதா பொன்னுராஜ்? உன் அப்பா முப்பத்தொரு வருஷம் மில் கேட்டில் டைம் கீப்பராக இருந்தவர். சங்கு ஊதி நின்ற பிறகு ஒரு நிமிஷம் பிந்தி வருகிறவளைக்கூட உள்ளே விட மாட்டார், பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடி வருகிறவளாக இருந்தாலும் சரி. அதையே கொண்டுவந்து வீட்டிலும் கோயிலிலும் வைத்தார், கர்த்தர் வருகிற நாளில் ஊதப்போகிற எக்காளத்துக்கும் அதே சட்டம். 'மில் சங்கு ஊதின பொறவு வாரவனுக்கும் கேட்டு கெடையாது, எக்காளம் ஊதின பொறவு வாரவனுக்கும் கேட்டு கெடையாது' என்று எத்தனை வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பேசினார், எல்லோரும் அல்லேலூயா போட்டார்கள். சோறு குழைந்தால் 'அவரு வரும்போது இதையா பரிமாறப் போற' என்பார். நான் செத்த நேரம் கண் அசந்தால், வேதத்தில் மாப்பிள்ளை வருகிற நேரத்தில் விளக்கு அணைந்து வெளியே நின்றவளைச் சொல்லி 'எண்ணெய் இல்லாத கன்னி' என்பார். வருகையின் நாளுக்கென்று ஒரு வெள்ளைச் சட்டை, வேட்டி, டிரங்குப் பெட்டியில். அதை மாதம் ஒரு தடவை எடுத்து நீலம் போட்டு அலசி இஸ்திரி போட்டு வைக்க வேண்டியது என் வேலை. இருபத்தாறு வருஷம் செய்தேன். ஆண்டவர் வருகிறார் என்றால் பிள்ளைகளுக்குச் சந்தோஷம் வர வேண்டும், நம் வீட்டில் நீயும் உன் தங்கையும் அந்தப் பேச்சு எடுத்தாலே பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வீர்கள்.

அந்தச் சட்டையைத்தான் கடைசியில் போட்டு அனுப்பினேன். உடம்பு விறைத்துப்போய்க் கை நுழையவில்லை, எல்லோருக்கும் செய்கிற மாதிரி முதுகுப் பக்கம் மேலிருந்து கீழ் வரை கத்தரித்துத்தான் மாட்டினோம். முன்னால் பார்த்தால் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். அவர் எழுந்திருக்கிற அன்றைக்குக் கர்த்தர் பார்க்கப்போவது அந்த முதுகைத்தான். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது, உனக்கு வராது என்று தெரியும்.

பரிபூரணம் ரிஜிஸ்டர் ஆபீசில் போய் நம்பியைக் கட்டிக்கொண்டபோது அவள் பேரைச் சபையார் பேர் எழுதுகிற டாப்பிலிருந்து அடிக்கச் சொன்னது அப்போதிருந்த குருவானவர் இல்லை, செயலாளராக இருந்த உன் அப்பா. நம்பியின் ஆட்கள் ஆண்டாள் கோயில் நந்தவனத்தில் வேலை பார்க்கிறவர்கள், அவர்களும் அவனைச் சேர்க்கவில்லை. இரண்டும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒற்றை அறையில் கிடந்தன. நான் ஒரே ஒரு தடவை, கிருஷ்ணன்கோவிலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். பஸ்ஸை விட்டு நான் இறங்கவில்லை, யாராவது பார்த்து அப்பாவிடம் சொல்லிவிடுவார்களோ என்று பயம். அவள்தான் ஜன்னல் ஓரம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'அப்பா என் பேரை அடிச்சிட்டாவன்னு கேள்விப்பட்டேன். கர்த்தரு அடிக்கலம்மா, அவரு வந்து கூப்பிடத்தான் செய்வாரு' என்றாள். அதற்குள் பஸ் எடுத்துவிட்டான். அதுதான் அவள் என்னிடம் பேசின கடைசிப் பேச்சு.

மறு வருஷம் மஞ்சள்காமாலை வந்து, வயிற்றில் ஐந்து மாதத்தோடு செத்துப்போனாள். எண்பத்து நாலு, ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த மறுநாள். நம்பி அவளைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவன் ஒரு வேனைப் பிடித்து அவளை நம் கல்லறைத் தோட்டத்து வாசலுக்குக் கொண்டுவந்தான். கிழக்கே பார்த்து வைக்கச் சொல்லு, அவர் வரும்போது நான் எழுந்திருக்க வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாளாம். உன் அப்பா வாசலில் நின்று சட்டம் பேசினார். பேர் அடிபட்டவர்களுக்கு உள்ளே இடமில்லை, என் மகளுக்கு ஒரு சட்டம் ஊராருக்கு ஒரு சட்டம் கிடையாது என்றார். 'எங்கனயும் வெளிய வச்சுக்கோ' என்றார். அப்புறம் கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தியது யார் பொன்னுராஜ்? அப்போது உனக்கு இருபத்தைந்து வயசு, கை கால் நன்றாக இருந்தது, நாக்கும் இருந்தது. அந்த இரும்புக் கதவு துருப்பிடித்துப்போய் லேசில் நகராது, நீ தோளைக் கொடுத்துத் தள்ளினாய் என்று வெட்டியான் இருளப்பசாமி என்னிடம் சொன்னான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையே உன் அப்பாவின் நீதியைப் புகழ்ந்தது, அவரும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

நான் என்ன செய்தேன் என்று நீ திருப்பிக் கேட்கலாம், கேள். 'நீ வரப்படாது' என்று அவர் சொன்னார், நான் போகவில்லை. வீட்டில் இருந்து ரசம் வைத்தேன், அப்பளம் பொரித்தேன். அவர் வந்து கை கழுவிவிட்டுச் சாப்பிட்டார். மோர் ஊற்றினேன்.

இருளப்பசாமிதான் மேற்குச் சுவருக்கு வெளியே, உடைமுள் அடர்ந்த புறம்போக்கில் குழி வெட்டினான். ஜெபம் கிடையாது, மணி கிடையாது. இப்படித்தான் என்று ஒரு கணக்கில்லாமல் வடக்கு தெற்காக வெட்ட ஆரம்பித்தானாம், நம்பி கையைப் பிடித்து நிறுத்தி, கிழக்கு எது என்று கேட்டு, தலை மேற்கே கால் கிழக்கே வருகிற மாதிரி வெட்டச் சொல்லியிருக்கிறான். அவனே குழிக்குள் இறங்கி வாங்கிப் படுக்க வைத்திருக்கிறான். பத்து வருஷமாக ஒவ்வொரு ஆடியிலும் தேர் நிலைக்கு வந்த மறுநாள் பஸ் ஏறி வந்து முள் வெட்டிப் போட்டுவிட்டுப் போகிறான். மூன்றாம் வருஷத்திலிருந்து நானும் போகிறேன், அப்பாவுக்குத் தெரியாது. போன தடவை நம்பி, 'அத்தை, செவுத்துக்கு வெளிய இருக்கவியளுக்கும் அந்த எக்காளம் கேக்குமா' என்று கேட்டான். விபூதி பூசாத நாமம் போட்ட குடும்பத்துப் பிள்ளை, உன் அப்பா முப்பது வருஷம் பேசின வருகையை அவன் ஒருத்தன்தான் பிள்ளை மாதிரி நம்பிக்கொண்டு இருக்கிறான். கேக்கும்யா என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல.

குருவானவரிடம் நீ இதைக் கேட்டுப் பார். அப்பாவுக்கு எந்த வரிசையில் இடம் கிடைத்தது என்று. மற்ற வரிசையெல்லாம் நிறைந்துவிட்டது, மேற்குச் சுவரை ஒட்டின கடைசி வரிசைதான். சுவருக்கு இந்தப் பக்கம் அவர் காலை மேற்கே நீட்டிப் படுத்திருக்கிறார், அந்தப் பக்கம் அவள் காலைக் கிழக்கே நீட்டிப் படுத்திருக்கிறாள். நடுவில் ஒரு சுவர்தான். எக்காளம் ஊதும்போது மலையே நிற்காது என்கிறார்கள், ஐந்தடிச் செங்கல் சுவரா நிற்கப்போகிறது? அவள் எழுந்து உட்கார்ந்தால் நேரே கர்த்தரைப் பார்ப்பாள். அவர் எழுந்து உட்கார்ந்தால் நேரே அவளைப் பார்ப்பார், வயிற்றில் பிள்ளையோடு. வேறு பக்கம் பார்க்க அவருக்கு வழியில்லை.

கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று செல்லக்கனியிடம் சொல்லாதே. கர்த்தர் வருவார் என்று நான் நம்பவில்லை என்றால் இந்தக் கையெழுத்தை என்றைக்கோ போட்டுக் கொடுத்திருப்பேன், வெறும் எலும்பு எந்தப் பக்கம் கிடந்தால் எனக்கென்ன? வருவார் என்று நம்புகிறதால்தான் போட மாட்டேன் என்கிறேன். கர்த்தர் இரக்கமுள்ளவர், உன் அப்பாவை மன்னிப்பார், அது எனக்குத் தெரியும், அதைத் தடுக்க எனக்கு அதிகாரமும் இல்லை. ஆனால் அவர் மன்னிக்கிறதற்கு முன்னால் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், என் மகள் முகத்தை உன் அப்பா பார்த்தாக வேண்டும். பிந்தி வந்தவளுக்குக் கேட்டு கிடையாது என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லட்டும், சொல்ல முடிந்தால்.

பேர் விஷயம் சொல்கிறேன் என்றேன். பிறக்கிற பிள்ளைக்கு அந்தப் பேரை வைத்துவிட்டால் தங்கைக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக உனக்கு ஒரு நிம்மதி வரும், அந்த நிம்மதி உனக்கு வர வேண்டாம். அதோடு அந்தப் பேர் அவளுடையது. டாப்பில் அடித்தாயிற்று, கல்லிலும் எழுதவில்லை. அவர் வந்து கூப்பிடும்போது அது அவளுக்கு வேண்டும்.

மே மாதம் கட்டாயம் வா. பேரனுக்கு மாம்பழம் எடுத்து வைக்கிறேன். ராத்திரி ஷிப்டு முடிந்து வெறும் வயிற்றில் டீ குடிக்காதே, உனக்கும் அப்பா மாதிரி ரத்தக் கொதிப்பு வரும். மார்பிள் பதிக்க ஆசை இருந்தால் சுவருக்கு வெளியே பதி. நம்பியிடம் கேட்டுக்கொண்டு பதி, அவனுக்குத்தான் அந்த இடத்தில் உரிமை. நீ அனுப்பின தாளை இதோடு திருப்பி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும், மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

இன்னொரு தாளும் வைத்திருக்கிறேன், அதில் கையெழுத்து இருக்கிறது. கமிட்டிக்கு எழுதினது, பத்திரமாக வைத்துக்கொள். அப்பாவுக்குப் பக்கத்து இடம் எனக்கு. எனக்கும் தலை கிழக்கே, கால் மேற்கே. இதில் எந்த ஆசாரியும் தவறு செய்ய வேண்டாம், தெரிந்தே வைக்கச் சொல். ரசம் வைத்தவள் நான், நானும் முதலில் அவளைத்தான் பார்க்க வேண்டும். அவள் 'திரும்பிக்கோம்மா' என்று சொன்னால் திரும்பிக் கர்த்தரைப் பார்ப்பேன், சொல்லாவிட்டால் அப்படியே உட்கார்ந்திருப்பேன்.

உன்னையும் உன் வீட்டையும் ஆண்டவர் காக்கட்டும், செல்லக்கனிக்குச் சுகப்பிரசவம் தரட்டும், பேரனுக்குப் பயமில்லாத பக்தியைக் கொடுக்கட்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். கதவைச் சாத்திய பிள்ளையை எந்தப் பக்கம் பார்த்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, நீயே யோசித்து இப்போதே செல்லக்கனியிடம் சொல்லி வை.

அவர் வருகைக்குக் காத்திருக்கும் உன் அம்மா,
ஐ. தங்கபாய்